சிகாமட் பாலங்களின் ஆயுளை எது குறைக்கிறது? 4.1 நிலநடுக்கமா, தினமும் ஓடும் லோரியும் ரயிலுமா?

2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 6.13. சிகாமட்டில் பலர் இன்னும் படுக்கையைவிட்டு எழவில்லை. தரை குலுங்கியது. 4.1 அளவிலான நிலநடுக்கம், 10 கிலோமீட்டர் ஆழம் என்று மலேசிய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. அடுத்து வந்த நாட்களிலும் சிறு சிறு அதிர்வுகள் தொடர்ந்தன. "நம்ம ஊர்லயா நிலநடுக்கம்?" என்பதுதான் அன்று எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடிய கேள்வி. கையோடு இன்னொரு கேள்வியும் வந்தது: பாலமெல்லாம் தாங்குமா?

அந்த ஆண்டு சிகாமட்டுக்கு ரயில் ஆண்டும்கூட. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ஏறக்குறைய 192 கிலோமீட்டர் மின்சார இரட்டைத் தண்டவாளத் திட்டம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. மார்ச் மாதம் இடிஎஸ் ரயில் சிகாமட் வரை வந்தது. ஆகஸ்ட் கடைசியில் குளுவாங், டிசம்பரில் ஜொகூர் பாரு. 1909-இல் ஜொகூர் பாரு வரை போடப்பட்ட ஒற்றைப் பாதையில் பல தலைமுறையாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்த ஊர்கள் வழியாக இப்போது மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய ரயில் போகிறது.

ஆக, கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் நீங்கள் எதிர்பார்க்கிற பக்கத்தில் இல்லை. ஒரு பாலத்தின் ஆயுளை எடுத்துக்கொண்டால், சில விநாடி குலுக்கல் சின்ன விஷயம். தினமும், சத்தமில்லாமல், மேலே ஓடுகிற ஒவ்வொரு சக்கரமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போவதுதான் பெரிய விஷயம். பொறியியலாளர்கள் இதை 'சோர்வு' என்கிறார்கள். உலோகச் சோர்வு.

எஃகும் கான்கிரீட்டும் ஏன் ஜோடி சேர்கின்றன?

அடுத்த முறை ஒரு மேம்பாலத்துக்கு அடியில் போகும்போது அண்ணாந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில், தடிமனான கான்கிரீட் உத்தரங்கள் தெரிந்தால் அது முழுக் கான்கிரீட் பாலம். மலேசியாவில் பெரும்பாலும் அதுதான். பெயின்ட் அடித்த, ஆங்கில 'ஐ' எழுத்து வடிவ எஃகு உத்தரங்கள் வரிசையாக ஓடி, அவற்றின் தலையில் கான்கிரீட் தளம் உட்கார்ந்திருந்தால், அதுதான் நாம் இங்கே பேசும் கூட்டுக் கட்டமைப்பு. பாலத்தில் மட்டுமல்ல, பேரங்காடிகளிலும் உயரமான அலுவலகக் கட்டடங்களிலும் இதே ஜோடியைப் பார்க்கலாம்.

காரணம் எளிது. கான்கிரீட்டை அழுத்தினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். எஃகு இழுவையை நன்றாகத் தாங்கும், ஆனால் மெல்லிய தகட்டை அழுத்தினால் நெளிந்துவிடும். பாலம் வளையும்போது மேல்பக்கம் அழுத்தப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுக்கப்படுகிறது. மேலே கான்கிரீட், கீழே எஃகு. ஆளுக்கு ஏற்ற வேலை.

ஆனால் ஒன்றின் மேல் ஒன்றை வெறுமனே வைத்தால் போதாது. ஒரு தடிமனான புத்தகத்தை இரு கைகளிலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளையும், பக்கங்கள் ஒன்றன் மேல் ஒன்று நழுவும். அதே பக்கங்களை எல்லாம் பசைபோட்டு ஒட்டிவிட்டால்? மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். எஃகு உத்தரத்துக்கும் கான்கிரீட் தளத்துக்கும் நடுவே அந்தப் பசை வேலையைச் செய்பவை ஸ்டட்கள். கொண்டை வைத்த ஆணி மாதிரி இருக்கும், வழக்கமாக 19 அல்லது 22 மில்லிமீட்டர் விட்டம். எஃகின் மேல்பக்கத்தில் நூற்றுக்கணக்கில் வெல்டிங் செய்து, அதன் மேல் கான்கிரீட்டை ஊற்றிவிடுவார்கள். பிறகு அவை கண்ணுக்குத் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சோர்வு என்றால் என்ன?

ஒரு ஜெம் கிளிப்பை எடுத்து நன்றாக மடக்கி மடக்கி நிமிர்த்துங்கள். பத்து இருபது தடவையில் பட்டென்று உடையும். ஒரே தடவையில் கையால் இழுத்து உடைக்க முடியுமா? முடியாது. உடைக்கப் போதாத விசைகூட, திரும்பத் திரும்ப வந்தால் உடைத்துவிடும். இதுதான் சோர்வு.

இந்தப் பாடத்தை உலகம் ரயிலில்தான் கற்றது. 1842 மே 8-ஆம் தேதி, பிரான்ஸில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலில் எஞ்சினின் அச்சு முறிந்து, தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு ஏன் முறிகிறது என்பது அன்று புதிராக இருந்தது. பிறகு ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியியலாளர் ஆண்டுக்கணக்கில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். அவர் கண்டது: ஒரு தடவை எவ்வளவு பெரிய சுமை வந்தது என்பதைவிட, சுமை ஏறி இறங்கும் வீச்சு எவ்வளவு, அது எத்தனை தடவை வந்தது என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது.

பாலத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பாலத்தின் சொந்த எடை அப்படியே நிற்கிறது, மாறுவதில்லை. அதனால் சோர்வுக் கணக்கில் அதற்குப் பெரிய பங்கில்லை. ஒரு லோரி ஏறி இறங்கும்போது எஃகுக்குள் ஏற்படும் தகைவு கூடிக் குறைகிறதே, அந்த ஏற்ற இறக்கம்தான் ஒரு சுழற்சி.

ஒரு பேச்சுக்கு, ஒரு பாலத்தின் மேல் நாளொன்றுக்கு 2,000 கனரக லோரிகள் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7 லட்சத்து 30 ஆயிரம். மூன்று ஆண்டு முடிவதற்குள் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். நூறு ஆண்டில் 7 கோடியே 30 லட்சம். இந்த 20 லட்சம் என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. மலேசியாவும் பின்பற்றும் யூரோகோட் விதிகளில், ஒவ்வொரு வகை எஃகு இணைப்புக்கும் ஒரு தர எண் உண்டு. அந்த எண், அந்த இணைப்பு 20 லட்சம் சுழற்சி வரை தாங்கக்கூடிய தகைவு வீச்சு.

அந்தத் தர எண்களைப் பார்த்தால் ஒரு ஆச்சரியம் இருக்கும். வெல்டிங் எதுவும் இல்லாத, உருட்டி எடுத்த எஃகுத் தகட்டுக்கு 160. அதே தகட்டின் மேல் ஸ்டட் ஒன்றை வெல்டிங் செய்தால் 80 ஆகிவிடும். கூடுதல் வலுவுக்காக உத்தரத்தின் அடியில் இன்னொரு தகட்டை ஒட்டினால், அந்தத் தகடு முடியும் இடத்தில் 56-லிருந்து 36 வரை இறங்கும். சரி, விலை உயர்ந்த, அதிக வலுவான எஃகு வாங்கிப் போட்டால்? வெல்டிங் செய்த இடத்தில் பிரயோஜனம் இல்லை. தர எண் அதேதான். ஏனென்றால் விரிசல் எஃகின் நெஞ்சில் பிறப்பதில்லை, வெல்டிங்கின் ஓரத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறலில் பிறக்கிறது. அதற்கு எஃகின் விலை தெரியாது.

பன்னிரண்டே ஆண்டில் விரிசல்

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம், பிரிட்ஜ்போர்ட் நகரில் யெல்லோ மில் பாண்ட் என்ற பாலம் இருந்தது. எஃகு உத்தரம், மேலே கான்கிரீட் தளம், அதே கூட்டுக் கட்டமைப்பு. 1958 ஜனவரியில் திறந்தார்கள். பரபரப்பான நெடுஞ்சாலை, கனரக லோரிகள் ஏராளம். 1970-இல் பெயின்ட் மற்றும் பழுதுபார்ப்பு வேலை நடந்தபோது ஒரு உத்தரத்தில் விரிசல் தெரிந்தது. அடித்தகடு முழுவதும் அறுபட்டு, செங்குத்துத் தகட்டிலும் மேலேறியிருந்தது. தொடங்கிய இடம் எது தெரியுமா? மேலே சொன்னேனே, கூடுதல் வலுவுக்காக ஒட்டிய தகடு, அதன் முனை. வலுப்படுத்த வைத்ததே பலவீனமாகிவிட்டது.

பாலம் விழவில்லை. பக்கத்து உத்தரங்களும் மேலே இருந்த கான்கிரீட் தளமும் சுமையைப் பகிர்ந்துகொண்டன. கூட்டுப் பாலத்தின் நல்ல குணம் இது. இந்தப் பாலத்தை வைத்துத்தான் லிஹாய் பல்கலைக்கழகத்தின் ஜான் ஃபிஷரும் குழுவினரும் பல ஆண்டு ஆராய்ச்சி செய்தார்கள். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் சோர்வு விதிகளில் அந்த ஆராய்ச்சியின் பங்கு பெரிது.

எல்லாப் பாலத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இருப்பதில்லை. தென்கொரியாவின் சியோலில் 1979-இல் திறந்த சோங்சு பாலத்தின் நடுப்பகுதி 1994 அக்டோபர் 21 காலையில் ஆற்றுக்குள் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள், பள்ளி மாணவிகளும் அவர்களில் உண்டு. மோசமான வெல்டிங், அதில் வளர்ந்த சோர்வு விரிசல், சரியான பராமரிப்பு இல்லாதது. பாலத்துக்கு வயது வெறும் 15. நிலநடுக்கம் எதுவும் இல்லை.

ஸ்டட்: பார்க்க முடியாத இடத்தில் இருக்கும் பிரச்சினை

இப்போது அந்தக் கொண்டை ஆணிகளுக்கு வருவோம். லோரி பாலத்தில் ஏறும்போது கான்கிரீட் தளம் எஃகின் மேல் நழுவப் பார்க்கும். ஸ்டட் அதைப் பிடித்து நிறுத்தும். லோரி நகர நகர, அந்தத் தள்ளுவிசையின் திசையே மாறும். பாலத்தின் நடுப்பகுதியில் தள்ளுவிசை குறைவு என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நின்றுகொண்டிருக்கும் சுமைக்கு அது சரி. ஓடும் வண்டிக்கு அல்ல. வண்டி இந்தப் பக்கம் இருக்கும்போது ஒரு திசை, அந்தப் பக்கம் போனதும் எதிர்த்திசை. வீச்சு என்று பார்த்தால் நடுவில் இருக்கும் ஸ்டட்டுக்கும் ஓய்வு கிடையாது.

விரிசல் ஸ்டட்டின் அடியில், வெல்டிங் வளையத்தில் தொடங்கும். ஒரு ஸ்டட் அறுந்தால் பாலம் விழாது, பக்கத்து ஸ்டட்கள் அதன் பங்கையும் எடுத்துக்கொள்ளும். அப்போது அவற்றின் சுமை கூடும், அவை இன்னும் சீக்கிரம் சோர்ந்துபோகும். இப்படியே போனால் ஒட்டிய புத்தகம் மெல்ல மெல்ல ஒட்டாத புத்தகமாக மாறும். மேலே இருந்து பார்த்தால் தார்ச்சாலை, கீழே இருந்து பார்த்தால் பெயின்ட் அடித்த எஃகு. நடுவில் நடப்பது யாருக்கும் தெரியாது.

அதனால்தான் பரிசோதிப்பவர்கள் சுற்றுவழியில் போகிறார்கள். பாலத்தின் முனையில் கான்கிரீட்டுக்கும் எஃகுக்கும் இடையே நழுவல் இருக்கிறதா என்று அளப்பார்கள், மில்லிமீட்டரின் சின்னப் பின்னங்களில். அல்லது பாலத்தின் அதிர்வைக் கேட்பார்கள். சிகாமட்காரர்களுக்கு இது புரியும்: டுரியான் வாங்கும்போது தட்டியும் ஆட்டியும் பார்த்துத்தானே உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்கிறோம்? இறுக்கமான பாலத்துக்கு ஒரு இயல்பான அதிர்வெண் உண்டு. ஸ்டட்கள் அறுந்து விறைப்பு குறைந்தால் அந்த எண்ணும் இறங்கும்.

கூடுதல் பாரம்: இந்தக் கணக்கைப் பாருங்க

சிகாமட்டைச் சுற்றி செம்பனைத் தோட்டங்கள். பழக்குலை ஏற்றிய லோரிகள், மர லோரிகள், மணல் லோரிகள். கூட்டரசு சாலை 1 ஊர் வழியாகவே போகிறது, குவாந்தான் பக்கமிருந்து வரும் துன் ரசாக் நெடுஞ்சாலையும் இங்கேதான் வந்து சேர்கிறது. 2025 மே 13-இல் தெலுக் இந்தானில் கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனம்மீது கல் ஏற்றிய லோரி மோதி 9 பேர் இறந்தபோது, கூடுதல் பாரம் பற்றி நாடே பேசியது. அப்போது பேசப்பட்டது பிரேக், டயர், ஓட்டுநர், உரிமம். எல்லாம் அவசியமான பேச்சு. பாலத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை.

எஃகு வெல்டிங் இணைப்பில் தகைவு வீச்சு கூடினால், சேதம் அதன் மூன்றாம் அடுக்கில் கூடும். அனுமதித்த பாரத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்றிய லோரி, ஒன்றரை லோரிக்குச் சமம் என்று நினைப்போம். இல்லை. ஒன்றரையை மூன்று முறை பெருக்குங்கள்: 3.4. அதாவது மூன்று லோரிக்கும் மேலான சேதத்தை ஒரே நடையில் செய்துவிட்டுப் போகிறது. ஸ்டட்டுக்கு இன்னும் கொடுமை. யூரோகோட் விதியில் அங்கே எட்டாம் அடுக்கு. ஒன்றரையை எட்டு முறை பெருக்கினால் 25-க்கு மேல்.

மறுபடி படியுங்கள். ஒரு லோரி, ஒரு நடை, இருபத்தைந்து லோரிகளின் தேய்மானம். அந்த நடையில் முதலாளி மிச்சம் பிடித்தது கொஞ்சம் டீசல். அதற்கான பில் பிறகு பொதுப்பணத்திலிருந்து போகும். எடைப் பாலச் சோதனையை வெறும் போக்குவரத்துக் குற்ற விவகாரமாகப் பார்ப்பது போதாது என்பது என் கருத்து. அது பாலப் பராமரிப்பின் ஒரு பகுதி.

ரயில் இந்த விஷயத்தில் ஒழுங்கான ஆள். எத்தனை பெட்டி, எவ்வளவு எடை, எத்தனை மணிக்கு, எல்லாம் முன்கூட்டியே தெரியும். ஆனால் ரயில் பாலத்தில் வேறொரு நுணுக்கம் இருக்கிறது. நீளமான முதன்மை உத்தரத்துக்கு ஒரு முழு ரயில் போனால் ஒரு பெரிய சுழற்சி. தண்டவாளத்துக்கு நேர்கீழே இருக்கும் குட்டையான குறுக்கு உத்தரத்துக்கோ ஒவ்வொரு சக்கரத் தொகுதியும் தனித்தனிச் சுழற்சி. ஆறு பெட்டி ரயில் ஒன்று போனால் இங்கே ஒன்று, அங்கே பத்துக்கும் மேல். அதனால்தான் சோர்வு விரிசல்கள் பெரும்பாலும் பெரிய உத்தரங்களில் அல்ல, சின்னச் சின்ன இணைப்புகளில் முதலில் தலைகாட்டும்.

மழையும் சேர்ந்துகொண்டால்

1960-களிலிருந்து ஜப்பானில் எஃகு உத்தரங்களின் மேல் போட்ட கான்கிரீட் தளங்கள் எதிர்பாராத வேகத்தில் உடையத் தொடங்கின. ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஷிகேயுகி மட்சுயியின் குழு, ஒரே இடத்தில் தட்டிக்கொண்டே இருக்காமல், உண்மையான சக்கரத்தை முன்னும் பின்னும் ஓட்டிச் சோதித்தது. தளத்தின் மேல் தண்ணீர் நின்றால் ஆயுள் பல மடங்கு குறைகிறது என்று தெரியவந்தது. விரிசலுக்குள் புகுந்த தண்ணீரைச் சக்கரம் அழுத்தும், அந்த அழுத்தம் உள்ளே இருக்கும் கான்கிரீட்டையே அரைத்துக் கரைத்துவிடும்.

சிகாமட்டுக்கு வெள்ளம் புதிதில்லை. 2006 டிசம்பர், 2011 ஜனவரி, 2023 மார்ச் என்று ஊரே மூழ்கிய ஞாபகம் பலருக்கு இருக்கும். வெள்ளம் தூணின் அடிமண்ணை அரிப்பது தனி ஆபத்து. சோர்வைப் பொறுத்தவரை அதைவிட முக்கியம், சாதாரண மழைநாளில் தளத்தின் வடிகால் அடைபட்டிருக்கிறதா என்பது. இலையும் மண்ணும் அடைத்த ஒரு குழாய், பல ஆண்டு ஆயுளைத் தின்றுவிடும்.

எஃகிலும் துரு ஏறினால் கதை மாறும். சுத்தமான எஃகுக்கு ஒரு எல்லை உண்டு, அதற்குக் கீழே எத்தனை கோடி சுழற்சி வந்தாலும் சேதமில்லை. துரு தின்று குழி விழுந்த எஃகுக்கு அந்த எல்லையை நம்ப முடியாது. ராமேஸ்வரத்தின் பழைய பாம்பன் ரயில் பாலம் நமக்குத் தெரிந்த உதாரணம். 1914-இல் திறந்தது, நூறாண்டுக்கும் மேல் உப்புக்காற்றில் நின்றது, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. சிகாமட் கடலிலிருந்து தள்ளி இருக்கிறது, அது ஒரு நிம்மதி. ஈரப்பதம் மட்டும் இங்கே எப்போதும் உண்டு.

அப்போ நிலநடுக்கம் ஒண்ணுமே செய்யாதா?

செய்யும், வேறு வழியில். 4.1 அளவு அதிர்வு சில விநாடிகள்தான். அதில் ஒரு பாலம் சில பத்துத் தடவை ஆடியிருக்கும், அதுவும் சின்ன வீச்சில். ஒரு பரபரப்பான காலையில் லோரிகள் கொடுக்கும் சுழற்சிகளுக்கு முன்னால் இது ஒரு பொருட்டே இல்லை.

பெரிய நிலநடுக்கம் வேறு கதை. ஜெம் கிளிப்பை முழுசாக மடக்குவது மாதிரி, சில பத்துச் சுழற்சியிலேயே எஃகு கிழிந்துபோகும். 1994 ஜனவரி 17-இல் கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு, வெளியில் நன்றாகத் தெரிந்த பல எஃகுக் கட்டடங்களின் வெல்டிங் இணைப்புகள் உள்ளே வெடித்திருப்பதைக் கண்டு பொறியியலாளர்கள் அதிர்ந்துபோனார்கள். சிகாமட்டில் நடந்தது அந்த வகை அல்ல. இங்கே அதிர்வுக்குப் பிறகு பார்க்க வேண்டியவை: உத்தரத்தைத் தாங்கும் மெத்தைகள் இடம் மாறினவா, விரிவு இணைப்புகளில் இடைவெளி மாறியதா, தூணில் புது விரிசல் உண்டா. வீட்டுச் சுவரில் தெரியும் மயிரிழை விரிசலையும் பாலத்தின் சோர்வு விரிசலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நிலநடுக்க வடிவமைப்புக்கான யூரோகோட் 8-க்கு மலேசியாவின் தேசிய இணைப்பு 2017-இல்தான் வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் கட்டியவை பெரும்பாலும் அந்தக் கணக்கு இல்லாமல் கட்டியவை.

100 ஆண்டுன்னா 101-ஆவது வருஷம் விழுந்துடுமா?

இல்லை. வடிவமைப்பு ஆயுள் என்பது உணவுப் பொட்டலத்தில் அச்சடித்த காலாவதித் தேதி அல்ல. யூரோகோட் பாலங்களுக்கு 100 ஆண்டு என்கிறது, அதற்கு முன் நாம் பின்பற்றிய பிரிட்டிஷ் விதி 120 ஆண்டு என்றது. இப்படிப்பட்ட போக்குவரத்து, இப்படிப்பட்ட பராமரிப்பு இருந்தால் இத்தனை ஆண்டுக்குப் பெரிய பழுது வராது என்ற அனுமானம்தான் அது. போக்குவரத்து இரட்டிப்பானால் அனுமானமும் மாற வேண்டும்.

மிச்ச ஆயுளைக் கணக்கிட, உத்தரத்தில் உணரிகளை ஒட்டி, சில வாரம் உண்மையான தகைவைப் பதிவு செய்வார்கள். வரைபடம் தாறுமாறாக ஏறி இறங்கும். அதிலிருந்து சுழற்சிகளைப் பிரித்து எண்ண 1968-இல் ஜப்பானியர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வரைபடத்தைச் செங்குத்தாகத் திருப்பி வைத்து, பகோடா கூரைகளில் மழைநீர் வழிவதுபோலக் கற்பனை செய்து எண்ணுவது. பெயரே 'மழை வழிவு' முறை! இன்றும் கணினிகள் செய்வது அதைத்தான்.

விரிசல் கண்டுபிடித்துவிட்டால் பாலத்தை இடிக்கத்தான் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். விரிசலின் நுனியில் ஒரு துளை போட்டால் கூர்மை போய்விடும், விரிசல் அங்கேயே நின்றுவிடும். வெல்டிங் ஓரத்தைச் சிறு சுத்தியலால் தொடர்ந்து தட்டி, எஃகின் மேற்பரப்பை அழுத்த நிலைக்குக் கொண்டுவருவது இன்னொரு வழி. ஃபிஷரின் குழு யெல்லோ மில் பாண்ட் பாலத்திலேயே அதைச் செய்து பார்த்தது. ஆனால் இதெல்லாம் விரிசல் சின்னதாக இருக்கும்போது மட்டும். சோர்வு விரிசல் தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாமலேயே கழிக்கும், தெரிய ஆரம்பித்த பிறகு வேகமெடுக்கும்.

பொதுப்பணித் துறை பாலங்களை ஆய்வு செய்து 1 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறது. 1 என்றால் பழுதில்லை, 5 என்றால் மோசம். தன் ஊர்ப் பாலத்தின் மதிப்பெண் என்ன என்பதை ஒரு சாதாரண ஆள் கைப்பேசியில் சுலபமாகப் பார்க்க முடிந்தால், அடுத்த அதிர்வின்போது வாட்ஸ்அப் வதந்திகள் பாதியாகக் குறையும்.

அதுவரை உங்கள் கண் இருக்கிறது. எஃகுப் பாலத்துக்கு அடியில் போகும்போது, பெயின்ட்டின் மேல் மெல்லிய, பழுப்பு நிறக் கோடு ஒன்று வெல்டிங் ஓரத்திலிருந்து வழிவதைப் பார்த்தால் அலட்சியம் செய்யாதீர்கள். விரிசல் திறந்து மூடும்போது உள்ளே அரைபட்ட துருத்தூள் அப்படித்தான் வெளியே கசியும். பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் முதலில் தேடுவதும் அந்தக் கோட்டைத்தான். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், பொதுப்பணி அமைச்சின் மைஜாலான் செயலி வழியாகவோ பக்கத்துப் பொதுப்பணித் துறை அலுவலகத்திலோ சொல்லுங்கள். தண்டவாளப் பாலமாக இருந்தால் ரயில் நிலையத்தில் சொல்லுங்கள், படம் எடுக்கிறேன் என்று பாதைக்குள் மட்டும் இறங்கிவிடாதீர்கள். இப்போது வருவது மின்சார ரயில். பழைய டீசல் ரயில் மாதிரி தூரத்திலேயே சத்தம் கேட்காது.